இது அந்த மரம் இல்லையே, தாயி!

கோவில்பட்டியில் அந்த போட்டோ ஸ்டூடியோவின் வாசல் கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் நான்கு படங்கள் மாட்டியிருக்கும். ஒரு கல்யாண ஜோடி, மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய ஒரு குழந்தை, பட்டமளிப்பு அங்கி போட்ட ஒரு பெண், சஷ்டியப்தபூர்த்தி தம்பதி. 2020 ஜனவரியில் கடைக்காரர் நாலாவது படத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மரத்தின் படத்தை மாட்டினார்.

அப்படி ஒரு மரத்தை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பனையும் இல்லை, கள்ளியும் இல்லை, தாழையும் இல்லை. மூன்றையும் சேர்த்து யாரோ ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அடியிலேயே இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஈட்டி ஈட்டியாக இலைக்கொத்து. இடப்பக்கம் ஒரு கிளை மட்டும் இடுப்பில் கைவைத்த மாதிரி முழங்கை மடக்கி நின்றது. பின்னால் உருண்டைப் பாறைகளாலான ஒரு குன்று.

“அண்ணாச்சி, இது என்ன மரம்?” என்று கேட்காமல் யாரும் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டு போனதில்லை. “ஜோஷுவா மரம். அமெரிக்காவுல பாலைவனத்துல இருக்கு. எம் மக எடுத்தது” என்பார். கடைசி வரியைச் சொல்வதற்காகவே அந்தக் கேள்விக்குக் காத்திருப்பார்.

அவருக்கு முப்பத்தொரு வருஷத் தொழில். ஆயிரக்கணக்கான முகங்களை எடுத்தவர், மரத்தை எடுத்ததே இல்லை. மகள் கலிபோர்னியாவில் இர்வைன் நகரில் வேலை பார்க்கிறாள். 2019 நவம்பரில் நன்றி நவிலும் நாள் விடுமுறைக்கு மொஹாவி பாலைவனத்தில் டென்ட் அடித்துத் தங்கியபோது, சைமா டோம் என்ற இடத்தில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அது. ‘அப்பா, அடுத்த வருஷம் இந்த மரத்துக்கு முன்னாடி உங்களை நிறுத்தி ஒரு படம் எடுக்கிறேன்’ என்று கீழே எழுதியிருந்தாள். மே மாதத்துக்கு விமான டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஊரடங்கு வந்தது, விமானம் ரத்தானது. கல்யாணங்கள் இருபது பேரோடு வீட்டுக்குள் நடந்தன; செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் இல்லை, அடையாள அட்டை இல்லை, பாஸ்போர்ட் சைஸ் இல்லை. ஆகஸ்ட் மாதம் கடைச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டார். மகளிடம், “கொஞ்ச நாளைக்குப் பூட்டி வச்சிருக்கேன்மா. நிலைமை சரியானதும் திறந்துருவேன்” என்று மட்டும் சொன்னார்.

அதே ஆகஸ்ட் மாதத்தில் மகளும் ஒரு செய்தியை அப்பாவிடம் சொல்லவில்லை.

*

விசா நேர்காணலுக்கே ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, ஒருவழியாக 2024 பிப்ரவரியில் அப்பாவும் அம்மாவும் இர்வைன் வந்து சேர்ந்தார்கள். அப்பாவின் கைப்பையில் பழைய யாஷிகா மேட் கேமரா துண்டில் சுற்றி இருந்தது. இரட்டைக் கண் கேமரா. கழுத்தில் தொங்கவிட்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் பிம்பம் இடம் வலம் மாறித் தெரியும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். விமான நிலைய எக்ஸ்ரேயில் ஃபிலிம் கெட்டுவிடும் என்று ரோல் எதுவும் கொண்டுவரவில்லை. மகள் இங்கே இரண்டு கறுப்பு-வெள்ளை ரோல் வாங்கிக் கொடுத்தாள். விலையைக் கேட்டதும் அப்பா ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்.

“இருக்கட்டும்ப்பா.”

“சரி, ஒண்ணு ஊரு பார்க்க. இன்னொண்ணு அந்த மரத்துக்கு” என்று இரண்டாவது ரோலைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். அப்பாவும் மகளும் மட்டும்தான். “குளிர்ல போய்த் தரையில படுக்கறதுக்கா நான் ப்ளேன் ஏறி வந்தேன்?” என்று அம்மா பேரனோடு வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆனால் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் எள்ளுருண்டையும் மூன்று நாளைக்குக் கட்டிக் கொடுத்தார். டென்ட், தூங்கும் பை, அடுப்பு, விறகு எல்லாம் காரில் ஏறின. தண்ணீர் மட்டும் பெரிய பெரிய கேன்களில் நிறைய. ஜோஷுவா மரத் தேசியப் பூங்காவுக்குள் அவர்கள் தங்கப்போகும் ஜம்போ ராக்ஸ் முகாமில் குடிநீர்க் குழாய் கிடையாது. செல்போன் சிக்னலும் கிடையாது.

அவள் வண்டியை விட்டது ஜோஷுவா மரத் தேசியப் பூங்காவுக்கு. படம் எடுத்த சைமா டோம் அங்கே இல்லை. அது வடக்கே, மொஹாவி தேசியப் பாதுகாப்புப் பகுதியில், கார்ப் பாதையில் இன்னும் இரண்டரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. இதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை.

*

பூங்காவின் மேற்கு வாசலைத் தாண்டிக் கொஞ்சதூரம் மேடேறியதும் மரங்கள் தொடங்கிவிட்டன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கண்ணுக்கெட்டிய தூரம்வரை. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

“எப்படிப்பா இருக்கு?”

“குரூப் போட்டோவுக்கு வந்து நிக்கிற மாதிரி இருக்கு. ஒருத்தனும் சொன்ன பேச்சைக் கேட்கல. ஒருத்தன் கையைத் தூக்குறான், ஒருத்தன் திரும்பி நிக்கிறான்.”

கையைத் தூக்குகிறான் என்று அவர் சொன்னதற்கும் அந்த மரத்தின் பெயருக்கும் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்மன் சமயத்தார், பைபிளில் வரும் யோசுவா கைகளை உயர்த்தி வழிகாட்டுவதுபோல இருக்கிறது என்று இந்தப் பெயரை வைத்ததாகச் சொல்வார்கள். 1844-ல் இந்த வழியாகப் போன ஜான் ஃப்ரீமான்ட் என்ற பயணிக்கு இதைப் பார்க்கவே பிடிக்கவில்லை; அருவருப்பான மரம் என்று எழுதிவைத்துவிட்டார். அவர்கள் எல்லோருக்கும் முன்பே இங்கே வாழ்ந்த கவீயா பழங்குடி மக்கள், இதன் இலை நாரில் செருப்பும் கூடையும் பின்னியிருக்கிறார்கள். மொட்டையும் விதையையும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

மதியம் முகாமில் டென்ட் அடித்துவிட்டு, மரங்கள் அடர்ந்த பகுதிக்குத் திரும்பி வந்து நடந்தார்கள். அப்பா ஒரு மரத்தின் பட்டையைத் தொட்டார், விழுந்து கிடந்த ஒரு காய்ந்த கிளையைத் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை. உள்ளே வலை மாதிரி நார்.

“இது மரமே இல்லையேம்மா. நம்ம ரயில் கற்றாழை சாதி.”

அவர் சொன்னது சரிதான். யூக்கா என்னும் இனம். கோவில்பட்டிப் பக்கம் தண்டவாள ஓரத்தில் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு ஒன்றுவிட்ட உறவு. பனையைப் போலவே இதற்கும் உள்ளே ஆண்டு வளையம் கிடையாது. வெட்டிப் பார்த்து வயதை எண்ண முடியாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு அங்குலம்தான் வளரும். ஆள் உயரம் வருவதற்கே ஒரு தலைமுறை ஆகிவிடும். நூற்றைம்பது வருஷம் சாதாரணமாக இருக்கும்.

கிளை விடுவதும் விசித்திரம். இளம் மரம் ஒற்றைக் கம்பு மாதிரிதான் நிற்கும். முதல்முறை நுனியில் பூத்த பிறகு, அல்லது நுனி ஏதாவது அடிபட்டால், அந்த இடத்தில் கவட்டை பிரியும். அடுத்த பூப்பில் அந்தக் கிளை மறுபடி பிரியும். மகள் இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரு விளையாட்டு கிடைத்துவிட்டது. ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்று, ஒரு கிளையை அடியிலிருந்து நுனிவரை விரலால் தொடர்ந்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு… இவ ஏழு தடவை பூத்திருக்கா” என்பார். எல்லா வருஷமும் பூக்காது என்பதால் அந்த ஏழுக்கு எத்தனை வருஷமோ! அவருக்கு அதற்குள் மரங்கள் எல்லாம் ‘இவ’ ஆகியிருந்தன.

அங்கங்கே சில மரங்களில் பூ இருந்தது. வெள்ளையும் பச்சையும் கலந்த, முட்டைக்கோஸ் அளவுக்குக் கனத்த கொத்து. இந்தப் பூவுக்குத் தேனீ வேலை செய்யாது. யூக்கா அந்துப்பூச்சி என்று அரிசிமணி நீளத்தில் ஒரு சின்னப் பூச்சி இருக்கிறது. பெண் பூச்சி மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டித் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு இன்னொரு பூவுக்குப் போகும். அங்கே சூலகத்தில் முட்டை வைக்கும். பிறகு, தவறிப்போய் ஒட்டிக்கொள்வது மாதிரி இல்லாமல், வேண்டுமென்றே மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தேய்த்துவிடும். வளர்ந்த பூச்சி எதையும் சாப்பிடுவதில்லை. அதன் புழுக்கள் விதைகளில் கொஞ்சத்தைத் தின்னும், மிச்சம் மரத்துக்கு. பூச்சி இல்லையென்றால் மரத்துக்கு விதை இல்லை, மரம் இல்லையென்றால் பூச்சிக்கு வம்சம் இல்லை.

“கூட்டுக் கடை மாதிரி” என்றார் அப்பா. “பார்ட்னர் போயிட்டா கடை போச்சு.”

முதல் ரோலில் நான்கு படம்தான் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரம். குனிந்து பார்ப்பார், நகர்வார், வெளிச்சம் மாறட்டும் என்று நிற்பார். மகளின் டிஜிட்டல் கேமராவில் அதற்குள் இருநூறு தாண்டிவிட்டது.

*

இரவில் நல்ல குளிர். அமாவாசையை ஒட்டிய நாள்கள் என்பதால் வானம் முழுக்க நட்சத்திரம். 2017-லேயே இந்தப் பூங்காவை இருள்வானப் பூங்கா என்று அங்கீகரித்திருக்கிறார்கள். மேற்கே ஊர்களின் வெளிச்சம் அடிவானத்தில் லேசாகத் தெரிந்ததே தவிர, தலைக்கு மேலே கலப்படமில்லாத கறுப்பு. அதிகாலை நான்கு மணிக்கு மகள் அப்பாவை எழுப்பினாள். ட்ரைபாடில் கேமராவை வைத்து, இருபது விநாடி திறந்துவைத்து, ஒரு மரத்துக்குப் பின்னால் பால்வீதி எழுவதை எடுத்தாள். அதற்குமேல் திறந்துவைத்தால் பூமி சுற்றுவதில் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகிவிடும். திரையில் வந்த படத்தை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இதுல தெரியுதே” என்றார். பிறகு, “அந்த மரம் எங்க இருக்கு?” என்றார்.

“நாளைக்குப் பார்ப்போம்ப்பா.”

சனிக்கிழமை பாறைகள், பார்க்கர் அணை, கீஸ் வியூ என்று சுற்றினார்கள். பார்வையாளர் மையத்தில் மினர்வா ஹாய்ட் என்ற பெண்மணியைப் பற்றி மகள் படித்துச் சொன்னாள். குழந்தையையும் கணவரையும் பறிகொடுத்த பிறகு பாலைவனமே கதி என்று ஆனவர். அந்தக் காலத்தில் பணக்காரர்கள் தோட்டத்துக்காக இங்கிருந்து செடிகளை வண்டி வண்டியாகப் பிடுங்கிப் போவார்கள். இரவில் பின்னால் வருபவர்களுக்கு வழி தெரியட்டும் என்று கார்க்காரர்கள் ஜோஷுவா மரத்துக்குத் தீயே வைப்பார்களாம். அந்தம்மா விடாமல் அலைந்து, எழுதி, கண்காட்சி வைத்து, 1936-ல் அரசாங்கத்தை இந்த இடத்தைப் பாதுகாக்க வைத்தார். 1994-ல் அது தேசியப் பூங்காவானது.

தீ என்ற சொல் வந்த இடத்தில் மகள் கொஞ்சம் வேகமாகப் படித்தாள். அப்பா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம், நல்ல மஞ்சள் வெயிலில், அவள் ஒரு மரத்தைக் காட்டினாள். பின்னால் உருண்டைப் பாறைக் குன்று. இடப்பக்கக் கிளை கொஞ்சம் மடங்கியும் இருந்தது. “இதாம்ப்பா. நில்லுங்க, எடுக்கிறேன்.”

அப்பா போய் நிற்கவில்லை. தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். மரத்தைச் சுற்றி வந்தார். நுனியில் தாழ்ந்திருந்த ஓர் இலைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டி அளவு பார்த்தார்.

“இது அந்த மரம் இல்லையே, தாயி.”

“நாலு வருஷம் ஆச்சேப்பா. கொஞ்சம் மாறியிருக்கும்.”

“நாலு வருஷத்துல நாலு அங்குலம் மாறும். நீதான சொன்ன. இது ஆளே வேற.” அவர் குரலில் கோபமில்லை; கடையில் நெகட்டிவ் மாறிவிட்டால் பேசுகிற குரல். “அந்த மரம் அடியிலேயே ரெண்டாப் பிரியும். இங்க ஒண்ணுகூட அப்படி இல்ல. எல்லாம் ஒத்தை மரமா மேல போயி, தலைக்கு மேலதான் பிரியுது. இலையும் இங்க நீளம். அதுக்குக் குட்டை இலை. ரெண்டு நாளாப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். இது அண்ணன்னா அது தம்பி. ஒரே ஆள் இல்ல.”

தாவர நூலார் சொல்வதும் இதுதான். ஜோஷுவா மரத்தில் மேற்கத்தியது, கிழக்கத்தியது என்று இரண்டு வகை உண்டு. மேற்கத்தியது உயரம், நீள இலை, மேலே போய்க் கிளைவிடும். கிழக்கத்தியது குட்டை, சின்ன இலை, கீழேயே இரண்டு இரண்டாகப் பிரியும். இரண்டுக்கும் அந்துப்பூச்சிகூடத் தனித்தனி. தேசியப் பூங்காவில் இருப்பது மேற்கத்தியது. சைமா டோமில் கிழக்கத்தியது. நான்கு வருஷம் ஒரே ஒரு படத்தை நாள்தோறும் பார்த்தவரிடம் வேறு மரத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது. அதுவும் முகம் பார்ப்பதே தொழிலாக இருந்தவரிடம்.

மகள் கேமராவைக் கீழே இறக்கினாள்.

“அது எரிஞ்சு போச்சுப்பா.”

*

2020 ஆகஸ்ட் 15. சைமா டோமில் மின்னல் விழுந்து தீப்பிடித்தது. கலிபோர்னியா முழுக்க ஒரே சமயத்தில் காட்டுத்தீ. தீயணைப்புக்கு ஆளும் விமானமும் எங்கும் போதவில்லை. பாலைவனத்தில் முன்பெல்லாம் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் கிடக்கும், தீ தாவ முடியாது. வெளியிலிருந்து வந்த புல்வகைகள் மொஹாவியில் பரவி, பல இடங்களில் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டன. நாற்பத்து மூன்றாயிரம் ஏக்கர் எரிந்தது. பதின்மூன்று லட்சம் ஜோஷுவா மரங்கள் அழிந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

இதையெல்லாம் முகாமில் விறகு எரியும் வளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னாள். அப்பா எள்ளுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், சாப்பிடவில்லை.

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க கடையைப் பூட்டுன மாசம்ப்பா. அந்தப் படத்தை எடுத்துட்டுப் போயி வீட்டுல மாட்டியிருக்கேன்னு சொன்னீங்க. அதையும் எதுக்குக் கெடுக்கணும்னு…”

“அதுக்குப் பெறகு?”

“பெறகு சொல்ல முடியல.”

அப்பா கொஞ்ச நேரம் நெருப்பைப் பார்த்தார். “நான் கடையைப் பூட்டல” என்றார். “கொடுத்துட்டேன். அந்த ஆகஸ்ட்லயே. லைட்டு, ஸ்டாண்டு, பின்னாடி கட்டுற திரை எல்லாம் வித்தாச்சு. இப்ப அங்க செல்போன் ரிப்பேர் கடை.”

மகள் நிமிர்ந்தாள். “போன வருஷம்கூடத் திறக்கப்போறேன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது புதிதல்ல. அங்கே அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தது ஆறு மாதம் கழித்துத் தெரியவரும். இங்கே மகனுக்கு வேலை போனது, வேறு வேலை கிடைத்த பிறகுதான் சொல்லப்படும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் எல்லோரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

“நாளைக்கு அங்க போவோம்” என்றார் அப்பா.

“ஒண்ணும் இருக்காதுப்பா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.”

“தாயி, நான் எத்தனை சாவு வீட்டுக்குப் போயிருக்கேன் தெரியுமா? ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டுவாங்க. அம்மாவுக்கு ஒரு படம்கூட இல்ல, வந்து எடுங்கம்பாங்க. நாற்காலியில உட்கார வச்சு, பூ வச்சு, சுத்தி பிள்ளைக நிக்கும். மொதல்ல ஒருதடவை முகத்தைத் திருப்பிக்கிட்டு எடுத்தேன். படம் ஆடிப்போச்சு. அந்த வீட்டுல அது ஒண்ணுதான் படம். பெறகு நான் திரும்புனதே இல்ல.”

*

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் டென்ட்டைச் சுருட்டிக் கிளம்பினார்கள். ட்வென்டிநைன் பாம்ஸ், ஆம்பாய், கெல்சோ என்று வடக்கே. வழியில் உப்புப் படுகை, மணல் மலை, ஆளில்லாத ரயில் நிலையம். சைமா டோம் என்பது குன்று போலத் தெரியாது. பெரிய தோசைக்கல்லைக் கவிழ்த்துவைத்த மாதிரி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் நிலம். அதன்மேல் நிற்கிறோம் என்பதே தெரியாது.

பச்சை மரங்கள் கொஞ்சதூரம் வந்தன. பிறகு ஒரு கோடு கிழித்த மாதிரி நின்றுபோயின.

காரை நிறுத்திவிட்டு டியூடோனியா குன்றுக்குப் போகும் பாதையில் நடந்தார்கள். எரிந்த மரங்கள் நின்றபடியே இருந்தன. இலை இல்லை. கிளைகள் மட்டும், தூக்கிய கை தூக்கியபடி. சில கறுப்பு, சிலவற்றில் பட்டை உதிர்ந்து வெளிறிய நார். நிறைய விழுந்து கிடந்தன. காற்று வரும்போது இலைச் சத்தம் இல்லாதது முதலில் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எது குறைகிறது என்று தெரிந்தது.

அப்பா மகளின் போனில் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். குன்றின் உச்சியில் இரண்டாகப் பிளந்த பாறையை அடையாளம் வைத்து, இடம் வலம் நகர்ந்து, பின்னால் போய், முன்னால் வந்து, அரை மணி நேரம் நடந்தார். கடைசியில் ஓரிடத்தில் நின்றார். “இங்கதான் நீ நின்னுருக்க.” எதிரே இருபதடி தூரத்தில் ஒரு மரம் சாய்ந்து விழுந்து கிடந்தது. அடியில் இரண்டாகப் பிரிந்த கவட்டை. மடக்கிய முழங்கை தரையில் ஊன்றியிருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து ரோலை எடுத்துப் பிரித்தார். கேமராவின் லைட் மீட்டர் எப்போதோ செத்துவிட்டது. வெயிலைப் பார்த்தே கணக்குப் போட்டார்.

“கறுப்பை எடுக்கிறதுதான் கஷ்டம். வானத்துக்குப் பார்த்து வச்சா மரம் வெறும் மசியாயிரும். மரத்துக்குப் பார்த்துத் திறக்கணும். வானம் வெளுத்தா வெளுத்துட்டுப் போகட்டும்.”

மகள் தன் கேமராவைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. அப்பா விழுந்த மரத்தை மூன்று படம் எடுத்தார். நிற்கும் மரங்களை ஐந்து. ஒவ்வொன்றின் கீழும் நின்று வழக்கம்போல விரலால் கவட்டைகளை எண்ணினார். “இவ ஒம்பது.”

ஒன்பதாவது படத்துக்கு மகளைக் கூப்பிட்டு அந்த விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவள் அழுதிருந்ததால் வேண்டாம் என்றாள். “மூஞ்சியத் துடைக்காத. அப்படியே நில்லு” என்றார்.

திரும்பும்போது அவள் பாதையை விட்டு விலகி, தயங்கித் தயங்கி, ஓரிடத்துக்குக் கூட்டிப்போனாள். தரையில் முழங்கால் உயரம்கூட இல்லாத கம்பிவலைக் கூண்டுகள் அங்கங்கே இருந்தன.

“இன்னொண்ணும் சொல்லலப்பா. 2022-ல தொண்டர்களைக் கூப்பிட்டாங்க. நான் வந்து ரெண்டு நாள் கன்னு நட்டேன்.”

விதை சேகரித்து நாற்றாக்கி, தீ எரித்த இடத்தில் நடும் வேலை 2021-லேயே தொடங்கியிருந்தது. வண்டி போகாத இடங்களுக்குக் கன்றுகளைச் சுமக்க ஒட்டகங்களைக்கூடக் கொண்டுவந்தார்கள். முயல் தின்றுவிடாமல் இருக்கத்தான் இந்தக் கூண்டு. அப்படியும் வெயிலிலும் வறட்சியிலும் நிறையக் கன்றுகள் பட்டுப்போயின.

அப்பா ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். காலி. காய்ந்தது. காலி. காய்ந்தது. ஆறாவதோ ஏழாவதோ கூண்டுக்குள் புல் மாதிரி ஏழெட்டு இலை, பச்சையாக.

“இது நீ வச்சதா?”

“தெரியலப்பா. எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு.”

அப்பா முழங்காலை ஊன்றி, அப்புறம் வயிறு தரையில் படப் படுத்தார். அறுபத்தெட்டு வயதில், மண்ணில், கேமராவைத் தரையோடு வைத்து மேலிருந்து எட்டிப் பார்த்தார். மொட்டையடித்த குழந்தைகளை எடுக்கும்போது கடையில் அவர் இப்படித்தான் படுப்பார். சிறுமியாக இருந்தபோது அவள் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறாள். வெயில் கம்பிவலை நிழலைச் செடியின்மேல் போட்டது. மகள் நகர்ந்து, தன் நிழல் விழும்படி நின்றாள். “அப்படியே இரு” என்றார். மூன்று படமும் அதற்கே போயின.

எழுந்திருக்க அவள் கைகொடுக்க வேண்டியிருந்தது.

வடக்கே நெடுஞ்சாலையைத் தொட்டதும் போனில் சிக்னல் வந்து, பதினான்கு தவறிய அழைப்புகள் வரிசையாகக் கத்தின. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏங்க, மூணு நாளா ஒரு போன் கிடையாது! சாப்பிட்டீங்களா? புளியோதரை கெட்டுப்போகலையே?”

“தீர்ந்துபோச்சு.”

“அந்த மரத்தைப் பார்த்தீங்களா? படத்துல இருக்கிற மாதிரியே இருந்துச்சா?”

அப்பா மகளைப் பார்த்தார். அவள் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“அது எரிஞ்சுபோச்சு. நாலு வருஷம் ஆச்சாம். இவ இப்பத்தான் சொல்றா” என்றார். “வேற ஒண்ணு பார்த்தோம். மூணு அங்குலம் இருக்கு.”